நாலாம் மாடி வீட்டின் குறைகள்

கதவில் ஒரு குறையும் இல்லை. நாச்சிமுத்து அதை மூன்று தடவை திறந்தார், மூன்று தடவை சாத்தினார், கீல் பக்கம் காதை வைத்துக் கேட்டார், சாவித் துவாரத்தில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார், கதவு பாட்டுக்குச் சமர்த்தாகப் போய் வந்துகொண்டிருந்தது. போன தடவை முனகியது. அதற்கு முந்தின தடவை அடியில் உரசியது. இரண்டையும் எழுதிக் கொடுத்தது அவர்தான், சரிசெய்துவிட்டார்கள், பாழாய்ப்போனவர்கள், சொன்னதைச் செய்கிற கம்பெனியாக இவருக்கென்று வந்து வாய்த்திருக்கிறது. ஊரில் அவனவன் ஃபிளாட் வாங்கிவிட்டுச் சுவர் ஒழுகுகிறது, கேட்டால் போனை எடுக்க மாட்டேன் என்கிறான் என்று தலையில் அடித்துக்கொள்கிறான். இவர் எழுதிக் கொடுத்தால் பதினைந்து நாளுக்குள் போன் வந்துவிடுகிறது, சார் எல்லாம் முடிச்சாச்சு, வந்து பாத்துருங்க என்று. முதல் தடவை அறுபத்துநாலு குறை. இரண்டாம் தடவை முப்பத்தொன்று. மூன்றாம் தடவை பத்தொன்பது, அதில் பாதி முன்பு கண்ணில் படாதவை, உண்மையைச் சொன்னால் முன்பு குறையாகத் தெரியாதவை. நாலாம் தடவை பதினான்கு. இது ஐந்தாம் தடவை. இன்றைக்கு ஆவணி இருபத்துநாலு. இன்னும் ஏழு நாளை எப்படியாவது தள்ளிவிட்டால் புரட்டாசி பிறந்துவிடும், புரட்டாசியில் யாரும் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள், அந்த மாதம் முழுக்க அவருக்குச் சும்மா கிடைக்கும். ஐப்பசி என்றால் மழை, மழையில் குறை தானாக வரும், அதைச் சரிசெய்யக் கார்த்திகை ஆகும். கார்த்திகைக்கு மேல் அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. கதவை நாலாம் தடவையும் திறந்து சாத்தினார். கையில் பட்டியல் அட்டையோடு பின்னால் நின்ற எஞ்சினியர் பெண் ஜெசிந்தா அந்தக் கட்டத்தில் சரி என்று குறி போட்டாள்.

வீடு அவர் மனைவி ருக்குமணியின் பேரில் இருக்கிறது. அவளுடைய அப்பன் வீட்டுப் பங்கில் வாங்கியது. வாங்கும்போது வயசான காலத்தில் ரெண்டு பேரும் கரூரை விட்டுக் கோயமுத்தூர் போய் இருந்துகொள்ளலாம் என்றுதான் பேச்சு. ஆனால் இந்த மாசி மாதம், கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவிக்கொண்டிருந்தவள், உருவுவதை நிறுத்தாமலே சொன்னாள், "வீடு கைக்கு வந்ததீம் நான் அங்க போயிக்கறனுங்க. நீங்க இங்கயே இருந்துக்கங்க." அவர் முதலில் புரிந்துகொள்ளவில்லை. பெயின்ட் அடிக்கிறவர்களைக் கவனிக்க முன்னால் போகிறாள் போல என்று நினைத்து, அங்க தண்ணி வசதி எப்படீன்னு பாத்துக்க என்றுகூடச் சொன்னார். அப்புறம் புரிந்தது. புரிந்ததும் காது அடைத்துக்கொண்டது, கொஞ்ச நேரம் மிக்ஸி சத்தம்கூடக் கேட்கவில்லை. முப்பத்தொரு வருசம். ஓசூரில் இருக்கும் ஒரே மகளைக் கூப்பிட்டுச் சொன்னார், அவள், அம்மா சொல்றதுல தப்பில்லீங்கப்பா என்றாள். தப்பில்லையாம். சரி, தப்பு எதில் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டாமா. மறுநாள் ருக்குமணியிடமே கேட்டார், என்ன குறைன்னு சொல்லு, சரிபண்ணிக்கறேன் என்று. மனதாரத்தான் கேட்டார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால்கூடப் போதும், ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு, பதினைந்து நாளில் முடித்துக் காட்டியிருப்பார், வேலையில் அவர் வாக்குத் தவறியவர் இல்லை. அவள் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். "குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றாள். அதுதான் அவருக்கு இன்றுவரை விளங்காத பதில். குறை இல்லையென்றால் எதற்குப் போகிறாள். குறை இல்லாத வண்டியை யாராவது திருப்பி அனுப்புவார்களா.

ஹாலில் வெளிச்சம் தாராளமாக விழுந்தது. அவர் சுவரோடு கன்னத்தை ஒட்டிவைத்து நீளவாக்கில் பார்த்தார். பட்டி பார்த்த சுவர் மேடுபள்ளமாக இருந்தால் இப்படிப் பார்க்கும்போது நிழலில் தெரிந்துவிடும், நேராக நின்று பார்க்கிறவனுக்கு ஜென்மத்துக்கும் தெரியாது. பஸ் பாடியிலும் இதேதான். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இருபத்தெட்டு வருசம் கடைசிச் செக்கிங் அவர்தான், வண்டி வெளியே போகுமுன் அவர் ஒரு சுற்று வந்தாக வேண்டும், கையில் சாக்பீஸ் இருக்கும், தகடு தளர்ந்த இடத்தில் ஒரு வட்டம், ஆணி தூக்கிக்கொண்ட இடத்தில் ஒரு வட்டம், சீட்டு ஆடினால் சீட்டின் முதுகில் ஒரு வட்டம். வட்டம் போட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போவார், திரும்பி வருவதற்குள் வட்டம் போட்ட இடத்திலெல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கும். அவர் விட்ட வண்டி ரோட்டில் நின்றதாகச் சரித்திரம் கிடையாது. ரிட்டையர் ஆன பிறகும் சாக்பீஸ் சட்டைப்பையை விட்டுப் போகவில்லை. காலையில் கரூரிலிருந்து வந்த பஸ்ஸில்கூட ஜன்னலுக்குக் கீழே தகடு அதிர்ந்த சத்தம் அவருக்குப் பொறுக்கவில்லை, கை தானாகப் பைக்குப் போனது. ஆனால் அப்போது கையை அசைக்க முடியாத நிலை. பக்கத்தில் ருக்குமணி. எப்போதும் அவர்தான் தனியாக வந்து பார்த்துவிட்டுப் போவார், உங்களுக்குத்தான அந்தச் சோலியெல்லாம் தெரியும் என்று விட்டுவிடுவாள், இன்றைக்கு நானும் வர்றேன் என்று கிளம்பிவிட்டாள். வெள்ளகோவில் தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். காங்கேயத்தில் கண் அசந்தது. தலை அவர் தோளில் வந்து விழுந்தது. வேண்டுமென்று சாய்க்கவில்லை, வண்டி குலுங்கியதில் விழுந்தது, அது அவருக்கும் தெரியும். பல்லடம் வரும்வரை அவர் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். தோள் மரத்துப்போயிற்று. அவள் தலையில் தேங்காயெண்ணெய் வாசம், காதுக்கு மேலே நரை, எப்போது இத்தனை நரைத்தது, கவனிக்காமல் விட்டிருக்கிறார், இத்தனை பெரிய செக்கிங்காரர். பல்லடத்தில் எவனோ ஒருவன் டிபன் தூக்கோடு இடித்துக்கொண்டு ஏறினான், அவள் விழித்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள், மன்னிச்சுக்கங்க என்றாள். வெளியாளிடம் சொல்கிற மாதிரி. அவனை அந்தத் தூக்கோடு இறக்கிவிட வேண்டும் போல ஆத்திரம் வந்தது அவருக்கு.

சுவரில் பள்ளமில்லை. மேடுமில்லை.

"ஏனம்மணி, இந்த ரெண்டு சொவத்துக்கும் கலர் ஒண்ணாட்டத் தெரியலியே," என்றார்.

"வெயில் இந்தப் பக்கம் விழுது சார். அதான் அப்படித் தெரியுது. ஒரே டப்பாதான்."

"எழுதிக்க."

ஜெசிந்தா எழுதிக்கொண்டாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், அவருடைய மகளைவிட நாலைந்து வயசு சின்னவள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக்கொள்கிறாளே என்றுதான் அவருக்கு ஒவ்வொரு தடவையும் கூச்சமாக இருக்கும். இன்றைக்கு இதோடு ஐந்து. வாசல் விளக்கின் மூடியில் ஒரு கீறல், அதுவும் நகத்தால் தடவினால்தான் தெரியும். சமையலறை ஜன்னல் கொக்கி கொஞ்சம் இறுக்கம். படுக்கையறையில் ஸ்விட்சுப் பலகை ஒரு முடி அளவு சாய்வு, ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் உள்ளேயிருந்த நீர்க்குமிழி நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம்போல நகர்ந்தது. பால்கனிக் கம்பியில் பெயின்ட் வழிந்து காய்ந்த ஒரு துளி. முதல் பட்டியல் இப்படி இல்லை, சத்தியமாக இல்லை. அந்த அறுபத்துநாலும் நியாயமான குறைகள். அவள் ஒருத்தியாக இருக்கப்போகிற வீடு என்று நெஞ்சில் ஒரு கல்லை வைத்துக்கொண்டுதான் பார்த்தார், பார்க்கப் பார்க்க வேலைக்காரன் புத்தி முன்னால் வந்துவிட்டது. சமையலறை மேல்தட்டு அவளுக்கு எட்டாது, அவள் ஐந்தடிகூட இல்லை, மணையைப் போட்டு ஏறி இறங்கிக்கொண்டிருப்பாள், விழுந்தால் தூக்க ஆளில்லை, அரை அடி இறக்கிப் போடுங்கள் என்று எழுதினார். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கை மாற்றச் சொன்னார். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கேட்டார். எல்லாம் செய்துகொடுத்தார்கள். செய்யச் செய்ய வீடு அவளுக்கு வாகாக ஆகிக்கொண்டே வந்தது, அவர் இல்லாமல் இருப்பதற்கு வாகாக, அதை அவரே நின்று செய்வித்துக்கொண்டிருக்கிறார். இது உறைத்தது இரண்டாம் தடவை வந்தபோதுதான். அன்றைக்கு முப்பத்தொன்று எழுதினார்.

"இன்னிக்கு அம்மாவும் வந்திருக்காங்களே, அவங்களும் மேல வந்து ஒருதடவ பாக்கட்டுமே சார்," என்றாள் ஜெசிந்தா. ருக்குமணி கீழே ஆபீசில் உட்கார்ந்திருந்தாள், நீங்க பாத்துட்டு வாங்க, நான் அப்பறமா வர்றேன் என்று.

"வருவா வருவா. அவளுக்கு இதொண்ணும் தெரியாது. நீ போன் பண்ணி வரச்சொன்னியாக்கும்?"

"நான் கூப்பிடல சார். அவங்கதான் போன வாரம் கூப்பிட்டாங்க. நீங்க எழுதின லிஸ்ட் எல்லாத்தையும் வாட்ஸப்ல அனுப்பச் சொன்னாங்க. நாலையும் அனுப்பினேன்."

நாலையும். அவர் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாலையும் படித்திருக்கிறாள். அவர் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்திருப்பாள், சிலிண்டர் ரசீதைக்கூட எழுத்துக் கூட்டி முழுக்கப் படிக்கிறவள் அவள். மேல்தட்டை அரை அடி இறக்கவும் என்பதைப் படித்திருப்பாள், அதில் கொஞ்சமாவது மனசு இளகியிருக்குமா, இளகியிருக்கலாம். ஆனால் நாலாம் பட்டியலையும் படித்திருப்பாளே. குழாயின் பளபளப்பு மற்ற குழாயைவிடக் குறைவு. பால்கனித் தரையில் ஒரு ஓடு அடுத்த ஓட்டைவிடச் சற்று வெளிறல். அழைப்பு மணியின் சத்தம் திருப்தியாக இல்லை. இதையெல்லாம் யார் எழுதுவார்கள், எதற்கு எழுதுவார்கள், அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் கேட்கவில்லை. அவள் எதைத்தான் கேட்டாள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. இல்லை, அந்தக் கல்யாணத்தைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். பால்கனியில் நின்று பார்த்தால் எதிரே பனைமரம் மூன்று தெரிகிறது, அதற்கப்பால் காலி மனை, அவளுக்குத் துணி காயப்போட நல்ல காற்று, கொடி கட்ட ஆணி அடித்திருக்கிறார்களா, அடித்திருக்கிறார்கள், நாலும் உறுதி, ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. வேண்டாம் என்று தள்ளினால் போகிற நினைப்பா அது.

தை மாதம் ருக்குமணியின் அண்ணன் மகன் கல்யாணம். அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தவளின் பின்னால் அவர் நின்றிருந்தார், ரவிக்கையின் முதுகுத் தையல் ரெண்டு விரல் அளவுக்கு விட்டிருந்தது, பார்த்தார், கை பைக்குள் போயிற்று, சாக்பீஸை எடுத்து விட்ட இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மெல்லத்தான் போட்டார், அவளுக்குத் தெரியக்கூட இல்லை. சொல்லத்தான் இருந்தார். வாசலில் கார் ஆரன் அடித்தது, பூட்டுச் சாவி எங்கே என்று தேடினார்கள், மறந்துபோயிற்று. இதுதான் நடந்தது, இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை, எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வார். மண்டபத்தில் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு போகும்போது அத்தைக்காரி என்று அவளை முன்னால் விட்டார்கள். பின்னால் நாற்பது பெண்கள். அரக்கு நிறத்தில் வெள்ளை வட்டம், நடுவில் கிழிசல். யாரோ ஒரு கொழுந்தியாள் முறைக்காரி சத்தமாகவே கேட்டாள், "ஏனுங்கக்கா, மாமன் உங்களையும் செக்கிங் பண்ணித்தான் அனுப்பிச்சிருக்காராட்ட." மண்டபமே சிரித்தது. நாச்சிமுத்துவும் சிரித்தார். அங்கேதான் நினைப்பு வந்து மாட்டிக்கொள்ளும், எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் அந்த இடத்தில் அவர் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார், ஓடிப்போய் மேல்துண்டை எடுத்து அவள் தோளில் போடவில்லை, ஒரு எட்டு முன்னால்கூட வைக்கவில்லை. அவள் தட்டைக் கீழே வைக்காமல், ஒரு கையால் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பந்தி முடியும்வரை போர்த்தியபடியே இருந்தாள். வீட்டுக்கு வந்து ஊசிநூல் எடுத்து அந்தத் தையலைப் போட்டாள், பொடிப்பொடியாக, அழகாக. வட்டத்தைத் தட்டவில்லை. ரெண்டு மாதம் கழித்து பீரோவில் வேறெதையோ தேடியபோது பார்த்தார், ரவிக்கை மடித்திருந்தது, மேல்பக்கம் வட்டம் அப்படியே இருந்தது. அவர்தான் அதை ஈரத்துணியால் துடைத்து வைத்தார்.

ஏன் போட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வார். தைத்துக்கொள்ளட்டும் என்றுதான். பட்டறையில் வட்டம் போட்டால் யாருக்கும் கோபம் வராது, வட்டம் போட்ட இடத்துக்கு ஆள் வரும், சரியாகும், அவ்வளவுதானே, குறையைப் பார்த்தும் வட்டம் போடாமல் விட்டால்தானே அந்த வண்டி நமக்கு வேண்டாத வண்டி. வீட்டிலும் அப்படித்தான் போட்டார். தளர்ந்த அஞ்சறைப் பெட்டி மூடியில், கறை போகாத டம்ளரில், அவள் அரைகுறையாகத் துடைத்த ஜன்னல் கண்ணாடியில். குழம்பில் உப்புக் குறைந்தால் வட்டம் போட முடியாது, அதனால் வாயால் சொன்னார். ஒரு நாளைக்கு மூன்று வேளை, முப்பத்தொரு வருசம். நல்லாயிருந்த அன்றைக்கு என்ன சொன்னார். சும்மா சாப்பிட்டார். நல்லாயிருக்கிற இடத்துக்கு எந்தப் பட்டறையிலும் குறி கிடையாது, பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், நகர்ந்தால் நல்லாயிருக்கிறது என்று அர்த்தம், எல்லாருக்கும் தெரியும். ருக்குமணிக்குத் தெரியாதா. ஏன் தெரிய வேண்டும், அவள் என்ன பட்டறையிலா வேலை பார்த்தாள். இந்த யோசனை அவருக்கு முதல் தடவையாக வந்தது, நாலாம் மாடிப் பால்கனியில், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றபோது. அவளை அவருக்குப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். இதை ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை, இனி யாரிடம் சொல்வது, உப்புக் குறைவு என்பதைத்தான் யாரிடம் சொல்வது.

"பாத்ரூம் மட்டும்தான் பாக்கி சார்," என்றாள் ஜெசிந்தா. பட்டியலில் பத்து ஆகியிருந்தது. எல்லாம் ஒரு நாள் வேலை என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், பெயின்டர் ஒருத்தன் வந்தால் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டுப் போய்விடுவான், வியாழக்கிழமை கூப்பிட்டுவிடுவார்கள். ஏழு நாள் ஓடாது. அவர் குளியலறைக்குள் போய்ப் பிடிகம்பியை இழுத்துப் பார்த்தார். குழாயைத் திறந்தார், மூடினார். வாளியில் முக்கால்வாசி பிடித்து மூலையில் ஊற்றினார். தண்ணீர் பரந்தது, கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது, அப்புறம் மெதுவாக, தண்ணீர் போகிற ஓட்டைப் பக்கம் போகாமல், கதவுப் பக்கம் நகர்ந்தது. நாச்சிமுத்து குந்தி உட்கார்ந்தார். ரசமட்டத்தை ஓட்டைக்கு நேராகப் போட்டார், குறுக்கே போட்டார். தரையின் வாட்டம், தண்ணீர் ஓடுகிற சரிவு, தலைகீழாக இருந்தது. தண்ணீர் நிலைப்படியோரம் குளம் கட்டி, மெல்லத் தாண்டி, படுக்கையறைத் தரைக்கு ஒரு கால்வாய் விட்டது. இது நிஜக் குறை. ஓடு பெயர்க்க வேண்டும், அடியில் ஒழுகாத பூச்சு புதிதாகப் போட வேண்டும், மூன்று நாள் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும், திரும்ப ஓடு பதித்து ஆற வேண்டும், இருபது நாள், குறைந்தது இருபது நாள், புரட்டாசி வந்தாயிற்று. சந்தோஷம் தலைக்கு ஏறியது, கையை ஊன்றி எழுந்துகொள்ளப் பார்த்தார், அப்போதுதான் ஓடுகளைப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றி ஆறு ஓடு மட்டும் புதுசு. நாலாம் பட்டியல், ஒன்பதாம் எண். குளியலறைத் தரையில் ஒரு ஓடு அரை நூல் தூக்கல். தூக்கல் இருந்ததா. காலுக்குத் தட்டுப்படாத தூக்கல். அதற்காகத்தான் ஆறு ஓடுகளைப் பெயர்த்துத் திரும்பப் போட்டிருக்கிறார்கள், போட்டதில் வாட்டம் கெட்டிருக்கிறது. நன்றாக இருந்த தரை. மூன்று தடவை அவரே வாளி வாளியாக ஊற்றிப் பார்த்து, ஒழுங்காக ஓடியதைப் பார்த்து, சும்மா நகர்ந்து போன தரை. எழுந்துகொள்ள முடியவில்லை. தண்ணீர் செருப்பில்லாத காலை நனைத்தது, அவர் அப்படியே குந்தியிருந்தார்.

"என்னங்க, எதுக்கு ஈரத்துல உக்காந்திருக்கறீங்க."

ருக்குமணி வந்திருந்தாள். நாலு மாடி ஏறிய மூச்சு வாங்கியது, லிஃப்ட் இருக்கிறது, அவளுக்கு லிஃப்டுக்குப் பயம். அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். கம்பியைப் பிடித்து எழுந்திருக்கலாம், அது அவளுக்காகப் போட்டது.

"வாட்டம் சரியில்ல ருக்கு. தண்ணி கதவுக்கு வருது. பூராத்தையும் பேக்கோணும். இருவது நாளாச்சும் ஆவும்."

ருக்குமணி தண்ணீரைப் பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்த்தாள். "பேக்காம உட்டா என்னாவும் கண்ணு?"

"ஒண்ணும் ஆகாதும்மா. குளிச்சு முடிச்சதும் தண்ணி இங்க நிக்கும். தள்ளிவிடணும், அவ்வளவுதான். ஆனா இது எங்க தப்பு, நாங்க மாத்தித் தந்திருவோம்."

"தள்ளி உட்டுக்கறேன்."

"தெனமும் தள்ளோணும் ருக்கு," என்றார் நாச்சிமுத்து. குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "இருக்கற வரைக்கும் தெனமும் குனிஞ்சு தள்ளிட்டிருக்கோணும்."

"தள்ளிக்கறனுங்க. அது ஒண்ணும் பெரிய சிரமமில்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சலிப்பாகக்கூடச் சொல்லவில்லை, கடையில் வெண்டைக்காய் முற்றலாக இருந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்கிற மாதிரி சொன்னாள். பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அட்டைக்குக் கை நீட்டினாள். ஜெசிந்தா அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தாள், சொல்லியும் கொடுத்தாள், ஒவ்வொரு குறைக்கும் எதிரே ரெண்டு கட்டம் இருக்கும்மா, முதல் கட்டம் சரிசெய்து தரவும், ரெண்டாவது கட்டம் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், ரெண்டாவதில் யாரும் போடறதில்ல, நீங்க யோசிச்சுப் போடுங்க என்று. ருக்குமணி யோசிக்கவில்லை. சமையலறை மேடைமேல் அட்டையை வைத்து, விளக்கு மூடியின் கீறலுக்கு எதிரே ரெண்டாம் கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். ஜன்னல் கொக்கிக்கு ஒன்று. ஸ்விட்சுப் பலகைக்கு, பெயின்ட் துளிக்கு, வெயிலில் வேறாகத் தெரிந்த சுவருக்கு. பதினொன்றாவது வாட்டம். அதற்கும் போட்டாள். அவளால் இந்த வீட்டோடு இருந்துகொள்ள முடியும், இத்தனை குறையோடும், ஒன்றைக்கூட மாற்றச் சொல்லாமல். நாச்சிமுத்து பக்கத்தில் நின்று அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருசம் தனக்கும் அவள் இந்தக் கட்டத்தில்தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது, ஒரு நாள்கூட முதல் கட்டத்தில் போடவில்லை, போட்டிருந்தால் அவர் சரிசெய்திருப்பார். செய்திருப்பாரா. எழுதாத பட்டியலுக்கு இனி எந்தத் தேதியும் கிடையாது.

கையெழுத்துப் போட்டாள். ருக்குமணி என்று முழுசாக, முன்னெழுத்தில் அவர் பேர் இருந்தது, நா. ருக்குமணி. ஜெசிந்தா சாவிக்கொத்தைக் கொடுத்தாள், மூன்று செட், எண்ணி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூன்றையும். அப்புறம் வீட்டை ஒரு சுற்று பார்த்தாள், மேல்தட்டுக்குக் கையை நீட்டினாள், எட்டியது, கையை எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார்.

"வர்ற வெள்ளிக்கெழம நாள் நல்லாருக்குதுங்க," என்றாள். "புரட்டாசிக்கு முன்னால பால் காச்சிப்போடலாம்னு பாக்கறேன். காலைல ஆறுலருந்து ஏழரைக்குள்ள."

"சரி."

"நீங்களும் வந்துட்டுப் போங்க."

பத்திரிகை வைக்கிறவர்கள் வாசலில் நின்று சொல்வதை அவளும் அதே மரியாதையோடு, அதே கனிவோடு சொன்னாள். அதில் ஒரு பிசிறும் இல்லை. அவர் தலையை ஆட்டினார், ஆட்டிவிட்டு, பேச்சை விட்டால் எல்லாம் முடிந்துபோகும் போலிருந்ததால் கேட்டார், "ஆறு மணிக்கு இங்க இருக்கோணும்னா எப்பக் கெளம்பறது."

"நான் வியாழக்கெழமயே வந்துருவனுங்க. நீங்க விடியக்காத்தால மூணு மணி வண்டியப் புடிச்சீங்கன்னாச் செரியா இருக்கும்," என்றாள் ருக்குமணி. "துண்டு ஒண்ணு எடுத்துக்கங்க. பஸ்ஸுல காத்து அடிக்கும்."

"செரி," என்றார் நாச்சிமுத்து. "வந்துட்டுப் போறேன்."